வீட்டில் வாடகைக்கு இருந்தவர்

கிரெய்கிபர்னில் கேதீஸ்வரனைத் தெரியாதவர்கள்தான் அதிகம். அப்படித் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே மனிதர் இருபது வருடம் பாடுபட்டார். தபால் பெட்டியில் பெயர் கிடையாது. தொலைபேசிப் புத்தகத்தில் கிடையாது. நூலக அட்டை கிடையாது. பீட்சா கடையில் பெயர் கேட்டால் ஒருநாள் 'ராஜா' என்பார், மறுநாள் 'டேவிட்' என்பார். பிறகு தான் சொன்ன பெயர் தனக்கே மறந்துபோய், அவர்கள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் நின்று, ஆறிப்போன பீட்சாவோடு வீட்டுக்கு வருவார்.

குடியுரிமைகூட எடுக்கவில்லை. வந்து இருபத்துநாலு வருடம் ஆகியும் நிரந்தர வதிவிட விசாவோடுதான் இருந்தார். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். இந்தக் கங்காரு நாட்டில் குடிமகனானால் வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் அபராதம். "லிஸ்டிலை ஏறாட்டிக் குற்றம் எண்டு சொல்லுற நாட்டை எப்பிடி நம்புறது?" என்பார். இப்படிச் சொல்கிற மனிதர் பார்த்த வேலையைக் கேளுங்கள். முதலில் டிராம் கண்டக்டர். கண்டக்டர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. ஊரார் பெயரையும் விலாசத்தையும் நாள்முழுக்க வாசித்து வாசித்துப் பெட்டியில் போடுவார், தன் பெயரை மட்டும் யாரும் வாசிக்கக் கூடாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிடலாம். ஆனால் சும்மா அரண்டவரில்லை அவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுவரை கேதீஸ்வரனும் எல்லோரையும்போல நம்பிக்கையான ஆள்தான். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மீனாம்பாள் என்ற விதவை வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தார். கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். கையெழுத்து அழகு, சிங்களமும் எழுதுவார். வருடாவருடம் வாக்காளர் பதிவுப் படிவம் வீட்டுக்கு வீடு வரும்போது ஒழுங்கைச் சனம் அவரிடம்தான் கொண்டுவரும். கடைசி முறை பதினொரு வீட்டுக்கு நிரப்பிக் கொடுத்தார். மீனாம்பாளுக்கு அதில் அக்கறையே இல்லை. "பேரைக் குடுத்து என்னத்தைக் காணப்போறம் தம்பி" என்று படிவத்தைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டார். இவர் விட்டால்தானே. "வாக்கு எங்கடை உரிமை அன்ரி" என்று வகுப்பெடுத்து, அவர் பெயரையும் அவருடைய ஒரே மகன் சிறிதரனின் பெயரையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார். தன் பெயர் மட்டும் சொந்த ஊர் விலாசத்தில் இருந்தது.

ஆடி மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் தாள்கள் இருந்தன. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் தன்னை ஒளித்துவைத்த அறையின் யன்னல் இடுக்கால் கேதீஸ்வரன் பார்த்தார். ஒருவன் தாளைப் பார்த்து வீட்டு இலக்கம் வாசிக்கிறான், மற்றவர்கள் அந்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர் நிரப்பிக் கொடுத்த பதினொரு வீடும் எரிந்தது. சோம்பல்பட்டுப் பெயர் கொடுக்காமல் விட்ட மூலைவீட்டுத் தமிழரின் வீடு அப்படியே நின்றது. சிறிதரன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. அகதி முகாமில் மீனாம்பாளைக் கண்டபோது அவர் இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு பேச்சுப் பேசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. மோகனதாசிடமும் சொன்னதில்லை. பிறகு வந்த வினைக்கெல்லாம் வித்து அதுதான்.

மோகனதாஸ் ஈப்போவிலிருந்து படிக்க வந்த மலேசியத் தமிழன். எண்பத்தைந்தில், சிட்னி ரோடு என்ற தெருவில் ஓடுகிற டிராமில், தோல்பையோடு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கேதீஸ்வரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்று கேட்டான். இவர் ஆங்கிலத்தில் "டிக்கெட்" என்றார். மறுநாளும் அதே டிராம். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? தமிழன் தமிழனைக் கண்டால் கேட்கிற கேள்விகள்தான். இவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். எவனோ அனுப்பி விசாரிக்கிறான் என்று முடிவுகட்டி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். பையன் கடைசித் தரிப்பில் காத்து நின்றான்.

"உம்மை ஆர் அனுப்பினது?" என்றார் கேதீஸ்வரன்.

"யாரும் அனுப்பல. நாலு மாசமா தமிழ்ல யாருகிட்டயும் பேசல, அதான்" என்றான் மோகன். அவன் கண் கலங்கியிருந்தது. அதையும் நடிப்பென்று ஒரு கிழமை சந்தேகித்த பிறகுதான் இவர் ஒரு தேநீருக்குச் சம்மதித்தார்.

அடுத்த குளிர்காலம் வருவதற்குள் இருவரும் பிரன்ஸ்விக்கில் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். அதைக் காதல் என்று வாய்விட்டுச் சொல்ல இன்னும் ஒரு வருடம் பிடித்தது. முதலில் சொன்னவன் மோகன்தான். கேதீஸ்வரன் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார்.

மோகன் படித்து முடித்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரானான். எண்பத்தொன்பதில் வீடு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, தமிழர் வாடையே இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும் என்றார் கேதீஸ்வரன். அப்படித்தான் கங்காரு மேய்ந்துகொண்டிருந்த கிரெய்கிபர்னில் வாங்கினார்கள். பத்திரம் மோகன் பெயரில் மட்டும். இவர் பெயர் எதிலும் வேண்டாமாம். விதியைப் பாருங்கள், பதினைந்து வருடத்தில் தமிழர்கள் அங்கேயே குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மூன்றாம் தெருவில் ஒரு தமிழ் மளிகைக் கடைகூட வந்துவிட்டது.

நல்லவேளை, வீடு வாங்கிய நாளே ஒரு கதை கட்டிவைத்திருந்தார். "நான் மோகன் மாஸ்டர் வீட்டிலை வாடகைக்கு இருக்கிறன்." இந்த ஒரு வரியை இருபது வருடம் சொன்னார். முன்னறையில் ஒரு கட்டில், யாரும் படுக்காத கட்டில், மெத்தை விரிப்பு கலையாமல் கிடக்கும். விருந்தாளி வந்தால் அந்த அறையிலிருந்து வெளியே வந்து தலையாட்டிவிட்டு, குசினியில் தன் கோப்பையை மட்டும் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மோகனுடைய தம்பி சேகர் சிட்னி கெல்லிவில்லில் குடும்பத்தோடு இருந்தான், வருடத்துக்கு இரண்டுமுறை வருவான். அவனுக்கும் இதே கதைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கேதீஸ்வரன் இருபது வருடம் மறைத்தார், அதுவும் ஒரு சிறு கோப்பைச் சோற்றில்.

மோகன் முதலில் சிரித்தான். பிறகு சலித்தான். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான். பேசாமல் விட்டதைக் கேதீஸ்வரன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து எட்டு நவம்பரில் மோகனின் இதயத்தில் மூன்று அடைப்பு என்று டாக்டர் சொன்னார். பிப்ரவரியில் பைபாஸ் என்று நாள் குறித்தார்கள். இதற்கிடையில் டிசம்பரில், அவர்கள் இருந்த விக்டோரியா மாநிலத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் அந்த உறவை மாநில அரசின் பதிவகத்தில் பதிந்துகொள்ளலாம். கல்யாணம் என்று பெயரில்லை, ஆனால் சான்றிதழ் உண்டு. மோகன் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

கேதீஸ்வரன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்பக்கத்துச் சின்ன எழுத்தெல்லாம் இரண்டுமுறை வாசித்தார்.

"ஏன் இவ்வளவு காலமும் இல்லாத அக்கறை இப்ப வந்தது?" என்றார். "ஆடு நனையுது எண்டு ஓநாய் அழுததாம்."

"யாரும் அழுவல. நெறைய பேரு வருசக்கணக்கா போராடி வாங்குனது."

"சோழியன் குடுமி சும்மா ஆடாது மோகன். இந்தப் பேரெல்லாம் எங்கை போகுது? ஆர் வாசிக்கிறது? எத்தினை பிரதி எடுப்பினம்?"

"கண்டவங்க பாக்க முடியாது. போட்டிருக்கு பாரு."

"அண்டைக்கும் அப்பிடித்தான் போட்டிருந்தது" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வேறு பக்கத்தால் வந்தார். "கன்பராவிலை அந்தச் சின்னப் பிரதேச அரசாங்கம் இதுமாதிரி ஒரு சட்டம் போட்டது. பெரிய மத்திய அரசாங்கம் என்ன செய்தது? ஒரே மாதத்திலை தூக்கி எறிஞ்சது. மாநிலம் குடுக்கிறதை மேலை இருக்கிறவன் பறிப்பான். சட்டம் போயிடும், அதிலை எழுதின பேர் போகாது. அரசாங்கம் மாறும், லிஸ்ட் மாறாது."

மோகன் பேனாவை அவர் பக்கம் தள்ளினான். "எனக்கு ஆபரேசன் வருது, கேதீ. ஆஸ்பத்திரில யாருன்னு கேப்பாங்க. நீ என்னான்னு சொல்லுவ?"

"நேரம் வரேக்கை சொல்லுறன்."

"என்னான்னு?"

கேதீஸ்வரன் படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அன்று சோறு இருவருக்கும் இறங்கவில்லை.

சனவரியில், பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, கரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனார்கள். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம். வழக்கமாக இவர் தூணோரம் நிற்பார், மோகன் அர்ச்சனைச் சீட்டோடு முன்னால் போவான், சேர்ந்து வந்தவர்கள் மாதிரியே இருக்காது. அன்று குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டபோது மோகன் திரும்பித் தூணைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"மோகனதாஸ், உத்திராடம். கேதீஸ்வரன், சதயம்."

குருக்கள் கணீரென்ற குரலில் இரண்டு பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, "சகுடும்பானாம்" என்று சேர்த்து மந்திரத்தைத் தொடர்ந்தார். குடும்பத்தோடு என்று அர்த்தம். கேதீஸ்வரனுக்குக் காது சுட்டது. எல்லோருக்கும் சொல்கிற வழக்கத்தில் வாயில் வந்ததா, அல்லது தெரிந்துதான் சொன்னாரா? விபூதி கொடுக்கும்போது குருக்கள் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தார். மனிதர் அடுத்த தட்டை வாங்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரரின் மனைவி இவரைப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு? எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்? வீடு போய்ச் சேர்வதற்குள் கிரெய்கிபர்ன் முழுக்கக் கதை போய்விடுமே.

காரில் ஏறியதும் வெடித்தார். "என்னத்துக்கு என்ரை பேரைச் சொன்னனீர்? ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

மோகன் காரை எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான். "எனக்கு என்னா சந்தேகம் தெரியுமா?" என்றான். "உனக்குப் பயமெல்லாம் இல்ல. என்னைய பாத்து உனக்கு வெக்கம். இருபது வருசமா நீ வேற நல்ல எடம் கெடைச்சா கெளம்பலாம்னு ஒரு காலை வாசல்ல வச்சிருக்க. அதுக்குத்தான் எதுலயும் பேரு போடமாட்ற."

கேதீஸ்வரன் திகைத்துப்போனார். உலகத்திலுள்ள எல்லோரையும் சந்தேகித்த மனிதருக்கு, தன்னை ஒருவன் இத்தனை காலம் சந்தேகித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. வெட்கமா? இவனைப் பார்த்தா? 

அப்போதுதான் சொன்னார். கோயில் வாகனத் தரிப்பிடத்தில், வெயிலில், யன்னலைக்கூட இறக்காமல். பதினொரு வீட்டுப் படிவம், மீனாம்பாள் மேசையில் போட்ட தாள், யன்னல் இடுக்கு, இலக்கம் வாசித்தவன், சிறிதரன். சொல்லி முடித்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "எனக்கு எனக்காகப் பயமில்லை மோகன். நான் எழுதினால் அது உமக்கு வந்து முடியும்."

மோகன் சாவியைத் திருகினான். காரை எடுத்தான். ஒன்றேகால் மணித்தியாலமும் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து, "டீ போடட்டா?" என்று கேட்டான், அவ்வளவுதான்.

அந்த மௌனம் கேதீஸ்வரனைத் தின்றது. நம்பினானா, நம்பவில்லையா? இருபத்துமூன்று வருடம் சொல்லாததை, மாட்டிக்கொண்ட நேரத்தில் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? சாக்கு என்று நினைத்திருப்பான். செத்துப்போன பையனை வைத்துச் சாக்குச் சொல்கிறான், இவனெல்லாம் ஒரு மனிதனா என்று நினைத்திருப்பான். மோகன் வழக்கம்போல் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசித்தார். சிரிக்காவிட்டால் அதற்கும் யோசித்தார். கேட்டுவிடலாம் என்று ஐந்தாறு முறை வாயெடுத்தார். நம்பவில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் மூடிக்கொண்டார். இரண்டு கிழமை இப்படியே போயிற்று.

சனவரி கடைசியில் வெயில் நாற்பத்துநாலைத் தொட்டது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மின்சாரம் நின்றது. கதிரையிலிருந்து எழுந்த மோகன் குசினி வாசலில் விழுந்தான்.

ஆம்புலன்சில் கூடப் போனார். ஆஸ்பத்திரியில் அவனை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். கதவடியில் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். முப்பது வயதிருக்கும், சட்டையில் ராதா என்று பெயர். தமிழ் முகம். இவரைப் பார்த்ததும் அவளே தமிழில் ஆரம்பித்தாள், பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

"பயப்படாதீங்க அங்கிள், டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைக்காரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. தமிழில், நம் வீட்டுக் கல்யாணத்தில் கேட்கிற மாதிரி, என்ன வேணும் என்று கேட்டாள். கையில் பேனா, தாளில் ஒரு கட்டம். எங்கே இருக்கிறாளோ? தமிழர் நிறைந்த டார்னெய்ட்டிலோ, கிரெய்கிபர்னிலேயோ? நாக்கு தன்பாட்டில் புரண்டது.

"நான் அவர் வீட்டிலை வாடகைக்கு இருக்கிறன்."

"ஓ. குடும்பத்துல யாரும் இருக்காங்களா?"

"தம்பி சிட்னியிலை." மோகனின் கைப்பேசியிலிருந்து சேகரின் எண்ணைச் சொல்லி, கைப்பேசியை அவளிடமே கொடுத்தார்.

"உங்க பேரு அங்கிள்?"

"அது தேவையில்லைப் பிள்ளை."

அவள் எழுதிக்கொண்டாள். குடும்பத்தவர் மட்டும்தான் உள்ளே வரலாம், நீங்கள் வேண்டுமானால் வெளியே உட்காருங்கள் என்று கதிரையைக் காட்டினாள். உட்கார்ந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும், பொய் சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் மட்டும் நம்புவாளா, முதலில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாளே? அப்படியே இருந்துவிட்டார்.

வெள்ளி காலை சேகர் வந்தான், நேரே உள்ளே போனான். மோகனுக்கு நினைவில்லை என்பதால் அறுவைச் சிகிச்சைக்கு அவன்தான் கையெழுத்துப் போட்டான். மத்தியானம் வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே கேதீஸ்வரனுக்கு விளங்கிவிட்டது. சேகர் இவர் தோளில் கைவைத்து அழுதான். "அண்ணன் போயிட்டாருங்க" என்றான். அழ வேண்டியவருக்கு அழக்கூட உரிமை இல்லை. வாடகைக்கு இருப்பவன் எவ்வளவு அழலாம்?

செவ்வாய்க்கிழமை தகனம். சேகர் கொள்ளி வைத்தான். வந்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தினான். "அண்ணன் வீட்ல வாடகைக்கு இருந்தவரு. ரொம்ப நல்ல மனுசன்." மளிகைக் கடைக்காரர் கைகுலுக்கினார். அன்று பின்னேரம் சேகர் மிகவும் மரியாதையாக, வீட்டை விற்கப் போவதாகவும், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டான். முன்னறைக் கட்டிலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன்மேல் என்ன குற்றம்? இருபது வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய பொய்யை அவன் அப்படியே நம்பினான். கேதீஸ்வரனுக்கு வீட்டைப் பற்றிக்கூட அப்போது யோசனை ஓடவில்லை. காரில் சொன்னதை மோகன் நம்பினானா என்பது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. இனி யாரிடம் கேட்பது?

ஆஸ்பத்திரியில் மோகனின் பொருட்கள் இருந்தன. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கைப்பேசி. தனக்கு வேறு அலைச்சல் இருக்கிறது, நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள், நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றான் சேகர். புதன்கிழமை காலை போனார். கவுண்டரில் வேறு மூன்று பேர் நின்றார்கள். உள்ளே இருந்தவள் ராதா. பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"நீங்க கேதீஸ்வரன் அங்கிள்தானே?" என்றாள் மெதுவாக.

அவர் பக்கத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஆர் சொன்னது?"

"அவர்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு ராத்திரி கொஞ்ச நேரம் முழிச்சிருந்தார். வெளில யாராவது இருக்காங்களான்னு கேட்டார். உங்க வீட்ல வாடகைக்கு இருக்கிறவர்னு சொன்னேன். சிரிச்சுட்டார், அந்த நெலமையிலயும். அப்புறம் சொன்னார், அவரு என் பார்ட்னர், இருபத்துமூணு வருசம்னு."

கேதீஸ்வரன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பதறிட்டேன் அங்கிள். இப்பவே உள்ள கூப்பிடுறேன்னேன். இங்க ஏழெட்டு வருசமா சட்டம் அப்படித்தான், சேர்ந்து வாழ்றவங்கன்னா அவங்களும் குடும்பம்தான், எங்கயும் பதிஞ்சிருக்கணும்னுகூட இல்ல, வாயால சொன்னாலே போதும். ஃபாரத்துல பேரை மட்டும் மாத்தி எழுதிக்கிறேன்னேன். எழுதித்தான் ஆகணுமான்னு கேட்டார். ஆமா, எழுதாம உள்ள விட முடியாதுன்னேன். அப்படின்னா வேணாம்னுட்டார்."

"வேண்டாம் எண்டு சொன்னவரோ?"

"அவரு பேரை எதுலயும் எழுதிராதீங்க, அவரு கையால எழுதப் போயி ஒரு பையன் செத்துட்டான், அதோடதான் இத்தனை வருசமா இருந்திருக்காரு, எனக்குத்தான் தெரியாமப் போச்சுன்னார். நாளைக்கு ஆபரேசன் முடியட்டும், நானே பேசிக்கிறேன்னார்."

நாலடி தூரம். ஒரு கதவு. அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இவர் கதிரையில்.  கேதீஸ்வரன் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நான் சொன்னதை அவர் நம்பினவரோ பிள்ளை?"

ராதாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லைபோல. அல்லது நன்றாகவே விளங்கியிருக்கும். "நம்பாமலா அங்கிள் உங்கள வெளில உக்கார வச்சாரு" என்றாள்.

அவர் பைக்குள் கைவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். அவள் பொருட்களை ஒப்படைத்த தாளை எடுத்தாள். "வாங்கிக்கிட்டவங்க பேரு போடணும். நீங்க போட வேணாம் அங்கிள், அவர் தம்பி பேரையே போட்டுக்கிறேன்."

"இல்லைப் பிள்ளை, பேனையைத் தாரும்" என்றார்.  முழுப் பெயரையும் எழுதினார். விலாசம் எழுதினார். என்ன உறவு என்று கேட்ட அடுத்த கட்டத்தில் வந்து நின்றார்.

"அண்டைக்கு நீர் என்னை ஒரு கேள்வி கேட்டனீர்" என்றார். "அதை இன்னொருக்கால் கேளும்."

ராதாவின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

கேதீஸ்வரன் சொன்னார். கவுண்டரில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.